எடைக்கல் முத்திரையும் மீத்திறன் கணினியும்: மும்பைத் தமிழர் நோக்கில் ஒரு தேர்ச்சி வரலாறு

கடை வைத்து நடத்தியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர் எடைக்கல்லைப் பார்த்து, "இதை எந்தப் பட்டறையில் வார்த்தார்கள்?" என்று கேட்பதில்லை. கல்லின் அடியில் ஈயத்தில் குத்திய அரசு முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். கல்லை வார்ப்பவர் ஒருவர். அதைச் சரிபார்த்து முத்திரை குத்துபவர் வேறொருவர். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் சந்தையில் நம்பிக்கை போய்விடும். ஒரு காலத்தில் நம் ஊரில் வீசை, பலம். பம்பாயில் சேர், தோலா. ஊர் மாறினால் கணக்கும் மாறும். 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, மெட்ரிக் எடை படிப்படியாக நடைமுறைக்கு வந்த பிறகுதான் வந்தவாசியில் ஒரு கிலோ என்றால் தாராவியிலும் அதே ஒரு கிலோ என்றானது.

பொருளுக்கு உள்ள இந்த நியாயம் மனிதனுடைய தேர்ச்சிக்கும் உண்டு. ஊரை விட்டு வருபவனோடு நிலம் வருவதில்லை, உறவு வருவதில்லை, பேசிய மொழிகூடப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கையில் கற்ற வேலை ஒன்றுதான் கூடவே வருகிறது. ஆனால் அந்த வேலை அவனுக்குத் தெரியும் என்று, அவனை அறியாத ஊரில் யார் சொல்வது? மும்பைத் தமிழர் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு ஒரு முறை மிக அழகான விடை கிடைத்தது. இப்போது மீத்திறன் கணினி, அதாவது சூப்பர் கம்ப்யூட்டர் துறையில், அதே கேள்வி மறுபடி எழுந்திருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லோயர் பாஸா, ஹையர் பாஸா?

நம் வீட்டுப் பெரியவர்கள் தாதரில் ரயிலை விட்டு இறங்கியபோது பெட்டியில் என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வேட்டி, ஒரு ஊறுகாய் ஜாடி, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அதற்குள் மடித்து வைத்த டைப்ரைட்டிங் சர்டிபிகேட். மாதுங்கா மெஸ்ஸில் புதிதாக வந்த பையனிடம் பழைய ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "லோயர் பாஸா, ஹையர் பாஸா? ஷார்ட்ஹேண்ட் உண்டா?" என்பதுதான். ஆங்கிலத் தட்டச்சில் இளநிலை என்றால் நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலை என்றால் 45 சொற்கள். கோட்டைப் பகுதிக் கம்பெனி மேனேஜருக்குக் கும்பகோணம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, பாலக்காடும் தெரியாது. ஆனால் அந்தத் தாள் என்ன சொல்கிறது என்று தெரியும்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. தட்டச்சுப் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு தனியாரால் நடத்தப்பட்டவை. ஆனால் தேர்வு அவர்கள் கையில் இல்லை. அரசின் தொழில்நுட்பத் தேர்வாக நடந்தது. மாணவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறொரு மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். தாளைத் திருத்துபவருக்கு அவன் யார் மகன், எந்த இன்ஸ்டிட்யூட் என்பதெல்லாம் தெரியாது. கற்பிப்பவர் வேறு, சோதிப்பவர் வேறு. எடைக்கல் நியாயமேதான்.

இதற்கு உதவிய இன்னொன்று விசைப்பலகை. ரெமிங்டன் ஆனாலும், 1955-இல் முதல் இந்தியத் தட்டச்சுப்பொறியைத் தயாரித்த நம் கோத்ரெஜ் ஆனாலும், ஆங்கில எழுத்துகளின் வரிசை ஒன்றே. ஒரு மெஷினில் பழகிய விரல் எந்த மெஷினிலும் ஓடும். ஆகவே பொதுக் கருவி ஒன்று, பொதுத் தேர்வு ஒன்று. இவை இரண்டும் சேர்ந்துதான் நம் முன்னோரை இந்த நகரத்தில் காலூன்ற வைத்தன.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது வரலாறு ஆகாது. ஆபீஸ் வேலைகள் தென்னிந்தியர் கைக்கே போகின்றன என்ற மனக்குறை, 1966-இல் சிவசேனா தோன்றியபோது அரசியலாக வெடித்தது. அந்தக் கசப்பை இங்கே கிளறுவது என் எண்ணமல்ல. ஒரு தேர்ச்சிக்கான கதவு சிலருக்கு மட்டும் தெரிந்த கதவாக இருந்தால், வெளியே நிற்பவனுக்கு வருத்தம் வரத்தான் செய்யும். இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கொலாபாவில் முதல் கணினி

இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் பெரிய மின்னணுக் கணினி நம் மும்பையில்தான் பிறந்தது. டாட்டா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தில், அதாவது டி.ஐ.எஃப்.ஆரில், 1956-இல் ஒரு மாதிரிப் பொறி இயங்கியது. முழுப் பொறி 1960-இல் தயாரானது. 1962-இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள். நினைவகமோ 2,048 சொற்கள் மட்டுமே. இன்று நம் பேரக்குழந்தைகள் விளையாடும் பொம்மைக்குள் இருக்கும் சில்லு அதைவிடப் பெரியது.

இந்தப் பணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஆர். நரசிம்மன். அவரைத் தவிர அக்குழுவில் யாருக்கும் கணினியில் முன்பழக்கம் இல்லை. கட்டிக்கொண்டே கற்றார்கள். பிறகு 1964-இல் சி.டி.சி. 3600 என்ற அமெரிக்கப் பெருங்கணினி அங்கே வந்தது. நாட்டின் பல பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் அதைப் பயன்படுத்தின.

இதே காலத்தில் வடக்கே கான்பூர் ஐ.ஐ.டி.யில் இன்னொரு தமிழர், ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், வேறொரு வழியில் உழைத்தார். 1963-இல் அங்கே ஐ.பி.எம். 1620 வந்ததும், வெளியூர் விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் அழைத்துச் சில நாட்களில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் குறும்பயிற்சிகள் நடத்தப்பட்டன. அவற்றில் முன்நின்றவர் அவர். 1980-களில் அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையால்தான் எம்.சி.ஏ. என்ற பட்டப்படிப்பு நாடெங்கும் வந்தது. இன்று நம் வீடுகளில் எத்தனை எம்.சி.ஏ. என்று எண்ணிப் பாருங்கள். பொறியைக் கட்டியவர்களை நாடு அறியும். ஆட்களைக் கட்டியவர்களையும் அறிய வேண்டாமா?

ட்ராம்பே சொல்லும் பாடம்

செம்பூரில் வசிப்பவர்களுக்கு அணுசக்தி நகர் பக்கத்து வீடு மாதிரி. காலையில் பி.ஏ.ஆர்.சி. பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தே பலர் கடிகாரம் திருத்துவார்கள். 1957-இல், அந்நிறுவனம் இன்னும் 'ட்ராம்பே அணுசக்தி நிலையம்' என்ற பெயரில் இருந்தபோதே, ஹோமி பாபா அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்த பட்டதாரிகளுக்கு ஓராண்டு பொதுப் பயிற்சி. மதுரையிலிருந்து வந்தவரும் பாட்னாவிலிருந்து வந்தவரும் ஒரே பாடம் படித்து, ஒரே தேர்வு எழுதி, அதன் பிறகே ஆய்வுக்கூடம் புகுவார்கள். பெரிய அணு உலைகள் பல எழும்புமுன்னே ஆட்களை உருவாக்கும் உலையை மூட்டிவிட்டார்கள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், மீத்திறன் கணினியில் நாம் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தோம். பொறி முதலில், ஆள் பிறகு.

கல்யாணச் சமையலும் கணினியும்

மீத்திறன் கணினி என்றால் என்ன என்று வீட்டுப் பெண்மணிகள் கேட்டால் நான் கல்யாணச் சமையலைச் சொல்வேன். ஆயிரம் பேருக்குச் சமைக்க ஒரு பெரிய சமையல்காரர் மட்டும் போதாது. முப்பது பேர் வேண்டும். ஒருவர் காய் நறுக்க, ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் பருப்பு வேகவைக்க, யார் எப்போது யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று தலைமைச் சமையல்காரர் பிரித்துக் கொடுக்கிறார். பிரிப்பதில் தவறினால் முப்பது பேரில் இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மீத்திறன் கணினியிலும் ஆயிரக்கணக்கான செயலிகள் இப்படித்தான் ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்கின்றன. 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் இதற்கு ஓர் எல்லை காட்டினார். வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாது என்றால், ஆயிரம் செயலி போட்டாலும் வேகம் பத்து மடங்குக்கு மேல் ஏறாது. ஆகவே செயலிகளை வாங்கி அடுக்குவது ஒரு வேலை. வேலையைப் பிரிக்கத் தெரிவது வேறொரு கலை. அந்தக் கலைதான் இங்கே தேர்ச்சி எனப்படுவது.

1980-களில் இந்தியா அமெரிக்காவிடம் இத்தகைய கணினியைக் கேட்டது. நீண்ட பேச்சுக்குப் பிறகு, வானிலைக் கணிப்புக்கு மட்டும் கிரே நிறுவனத்தின் பொறி ஒன்று, கேட்டதைவிடக் குறைந்த திறனில், டெல்லிக்குக் கிடைத்தது. இதனால் 1988-இல் புனேயில் சி-டாக் தோன்றியது. விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் 'பரம் 8000' பிறந்தது. அதே காலத்தில் ட்ராம்பேயில் பி.ஏ.ஆர்.சி. இன்டெல் ஐ-860 செயலிகளைக் கோத்து 'அனுபம்' கட்டியது. பெங்களூரில் 'ஃப்ளோசால்வர்', ஹைதராபாத்தில் 'பேஸ்'. நாடு பெருமைப்பட வேண்டிய சாதனைகள்தான், சந்தேகமில்லை.

ஆனால் ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு பாஷை. பரமுக்கு 'பராஸ்' என்ற மென்பொருள் சூழல். அனுபமுக்கு 'அனுலிப்' என்ற நூலகம். புனேயில் தேர்ந்தவர் ட்ராம்பே வந்தால் மறுபடி அரிச்சுவடி. வீசையும் சேரும் மாதிரி! 1994-இல் உலக அளவில் எம்.பி.ஐ. என்ற பொது முறை வந்தது. செயலிகள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் விதத்தை அது எல்லாப் பொறிக்கும் ஒன்றாக்கியது. இயங்குதளமாக லினக்ஸ் பரவியது. 2017 நவம்பர் பட்டியலில் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளும் லினக்ஸில் ஓடுபவையாகவே இருந்தன. தட்டச்சுக்கு விசைப்பலகை போல, இத்துறைக்குப் பொதுக் கருவி கிடைத்துவிட்டது. பொதுத் தேர்வு?

சான்றிதழ்களின் காலம்

சாதாரணக் கணினிப் படிப்பில் இதற்கு முன்மாதிரி உண்டு. டி.ஐ.எஃப்.ஆரில் வளர்ந்த மென்பொருள் மையம் 1985-இல் எஸ். ரமணி தலைமையில் என்.சி.எஸ்.டி. என்ற தனி நிறுவனமாகி, ஜூஹுவில் இயங்கியது. அது நடத்திய சி.எஸ்.டி. என்ற திறன் தேர்வும், வேலை பார்த்துக்கொண்டே படிக்க வழியிருந்த மென்பொருள் டிப்ளமாவும் மும்பை நடுத்தரக் குடும்பங்களில் மதிப்புப் பெற்றவை. 2003-இல் அது சி-டாக்குடன் இணைந்தது. 1990-இல் வந்த டோயெக் திட்டத்தில் ஓ, ஏ, பி, சி என்று நான்கு படிகள். அங்கீகாரம் பெற்ற தனியார் நிலையத்திலும் படிக்கலாம், வீட்டிலிருந்தே படித்தும் எழுதலாம். ஆனால் தேர்வு ஒன்று, நடத்துவது அரசுச் சங்கம். தட்டச்சுத் தேர்வின் தம்பி என்றே இதைச் சொல்லலாம். 2011 முதல் இச்சங்கத்தின் பெயர் நைலிட். சி-டாக்கும் 1993-இல் தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, பல ஊர் மையங்களுக்கும் ஒரே நுழைவுத் தேர்வு, ஒரே பாடத்திட்டம் என்று நடத்தியது.

இந்த நல்ல மரத்தின் நிழலில் களைகளும் முளைத்தன. சில ஆண்டுகளுக்கு முன் என் கடைக்குக் கணக்கு எழுத ஒரு தாராவிப் பையன் வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவன் கொண்டுவந்த சான்றிதழில் தங்க நிற ஓரம், பெரிய முத்திரை, 'அட்வான்ஸ்டு கம்ப்யூட்டிங்' என்று கொட்டை எழுத்து. அம்மாவின் வளையலை அடகு வைத்துப் படித்தது. "தேர்வு யாருப்பா வச்சாங்க?" என்று கேட்டேன். "அவங்களேதான் வச்சாங்க ஐயா" என்றான். நேர்முகத்துக்குப் போன இடங்களில் அந்தத் தாளை ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பையன் புத்திசாலி, அதிலே குறையில்லை. வார்த்தவனே முத்திரை குத்திய கல், அவ்வளவுதான். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதிப் பயனில்லை, ஒன்றா இரண்டா!

பாலக்காட்டில் ஒரு பள்ளி

2015 மார்ச்சில் மத்திய அரசு தேசிய மீத்திறன் கணிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 4,500 கோடி ரூபாய், காலம் ஏழாண்டு. சி-டாக்கும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் பொறுப்பேற்றன. 2019-இல் காசி ஐ.ஐ.டி.யில் 'பரம் சிவாய்' முதலாவதாக வந்தது. 2025-இல் அரசு தந்த கணக்குப்படி 34 பொறிகள், மொத்தம் 35 பெட்டாஃப்ளாப். ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் நொடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இம்முறை ஆட்களையும் மறக்கவில்லை என்பது மகிழ்ச்சி. புனே, கரக்பூர், சென்னை, பாலக்காடு, கோவா ஆகிய ஐந்து இடங்களில் பயிற்சி மையங்கள். 22,000-க்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றதாக அரசு தெரிவித்தது. சி-டாக் இத்துறைக்கென்றே டிப்ளமாக்களையும் தொடங்கியது. மாதுங்கா வாசகர்கள் பட்டியலில் பாலக்காட்டைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஊரிலிருந்து தட்டச்சுத் தாளுடன் தாத்தாக்கள் ரயில் ஏறினார்களோ, அந்த ஊரில் மீத்திறன் கணினிப் பள்ளி! காலம் ஒரு சுற்று வந்துவிட்டது.

ஆனால் வியாபாரி புத்தி ஒரு கேள்வி கேட்கிறது. பயிலரங்கில் உட்கார்ந்து வந்ததற்கான தாளும், தேர்வில் தேறியதற்கான தாளும் ஒன்றாகுமா? சென்னையில் ஐந்து நாள் படித்தவரும் கோவாவில் இரண்டு வாரம் படித்தவரும் என்ன தெரிந்தவர்கள் என்று வேலை கொடுப்பவர் எப்படி அறிவார்? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பாவில் பல நாடுகள் பொறிகளைப் பங்கிட்டுக்கொண்டபோது இதே சிக்கலைச் சந்தித்தன. 2018-இல் அங்கே உருவான உயர்திறன் கணிப்புச் சான்றிதழ் மன்றம் ஒரு நல்ல வழி காட்டியது. முதலில் தேர்ச்சிகளை ஒரு மரம் போல வரைந்தார்கள். அடிமரத்தில் பொறியைப் பயன்படுத்தத் தெரிவது. கிளைகளில் நிரல் எழுதுவது, வேகத்தை அளந்து திருத்துவது, பொறியை நிர்வகிப்பது. ஒவ்வொரு இலையும் ஒரு சிறு தேர்ச்சி. அவற்றை எங்கே வேண்டுமானாலும் கற்கலாம், பாடம் நடத்துவது மன்றத்தின் வேலையல்ல. தேர்ச்சிகளை வரையறுப்பதும் சோதிப்பதுமே அதன் வேலை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம லோயர், ஹையர்தானே இது!

நம் நாட்டிலும் ஐந்து மையங்களும் சி-டாக்கும் பல்கலைக்கழகங்களும் கூடி, ஒரே தேர்ச்சிப் பட்டியல், ஒரே படிவரிசை, கற்பித்தவர் அல்லாதவர் வைக்கும் ஒரே தேர்வு என்று செய்ய வேண்டும் என்பது என் துணிபு. அது ஐ.ஐ.டி. வாசலுக்குள் இருப்பவருக்கு மட்டுமாக இல்லாமல், வெளியிலிருந்து படிப்பவரும் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

அரசு செய்யட்டும் என்று உட்கார்ந்திருப்பது வியாபாரிக்கு அழகல்ல. 1994-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் இரண்டு விஞ்ஞானிகள் 16 சாதாரணக் கணினிகளை வலைக்கம்பியால் கோத்து 'பெயோவுல்ஃப்' என்ற மலிவான மீத்திறன் கணினியைச் செய்து காட்டினார்கள். நம் தாராவி 13-ஆம் காம்பவுண்டில் பழைய கணினிகளின் உறுப்புகளைப் பிரித்துத் தரம் பிரிக்கும் கைகள் எத்தனை! உடைபடுவதற்கு முன் எட்டுப் பழைய கணினிகளைச் சங்கம் வாங்கி, ஒரு ஸ்விட்ச் போட்டு இணைத்தால், லினக்ஸும் எம்.பி.ஐ.யும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேகம் குறைவுதான். ஆனால் அதில் பையன் தட்டும் கட்டளையும் பெட்டாஃப்ளாப் பொறியில் தட்டும் கட்டளையும் ஒன்றே. பழைய மெஷினில் தட்டச்சுப் பழகிப் புது மெஷினில் வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் நாம்.

இதில் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, சங்கம் கற்றுக்கொடுக்கட்டும்; சங்கமே சான்றிதழ் அடிக்கக் கூடாது. பொன்னாடையும் போட்டோவும் நமக்கு மகிழ்ச்சி தரும், பையனுக்குச் சோறு போடாது. நைலிட் தேர்வோ சி-டாக் நுழைவுத் தேர்வோ, வெளியார் வைக்கும் தேர்வுக்கே தயார் செய்ய வேண்டும். இரண்டாவது, பக்கத்துச் சாளில் இருக்கும் மராட்டிப் பிள்ளையும் உத்தரப் பிரதேசத்துப் பிள்ளையும் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். 1966 நமக்குச் சொன்ன பாடம் அது.

எங்கள் சமண மரபில் தானங்கள் நான்கு: அன்னம், அபயம், மருந்து, சாஸ்திரம். சாஸ்திர தானத்தைக் கடைசியில் சொன்னாலும், அது கொடுத்த பிறகு குறையாதது என்பார்கள் பெரியோர். தாராவி மாறிக்கொண்டிருக்கிறது. மறுசீரமைப்பில் யாருக்கு எங்கே வீடு என்ற கவலை ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. வீடு மாறலாம், கடை மாறலாம், பின்கோடும் மாறலாம். முத்திரை பெற்ற தேர்ச்சி மட்டும் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வரும். நம் பெரியவர்கள் தாதரில் இறங்கியபோது பெட்டிக்குள் இருந்தது அதுதான். அடுத்த தலைமுறையின் பெட்டிக்குள்ளும் அப்படி ஒன்றை வைத்தனுப்புவது நம் கடமை என்று இம்மலரின் வாசகர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.